ராகு காலத்தில் பார்த்த குண்டசாலை வீடு

கண்டிப் பக்கம் வாடகை வீடு தேடுகிறவர்களுக்காக, அதிலும் இழுப்பு உள்ள பிள்ளையை வைத்துக்கொண்டு தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேரும் நாவலப்பிட்டியிலிருந்து இரண்டு வீடு பார்க்கக் கிளம்பினோம். மகள் கவிஷாவுக்கு ஒன்பது வயது, ஆஸ்துமா. என் வீட்டுக்காரருக்குத் தூசி பட்டால் அடுக்குத் தும்மல். எனக்கு ஒன்றுமில்லை, அதனால் பையைத் தூக்குவது எப்போதும் நான்தான்.

நாவலப்பிட்டியைக் குறை சொல்ல மாட்டேன், நான் பிறந்த ஊர். ஆனால் நாங்கள் இருந்த வீடு மலைச்சரிவை ஒட்டியது. தை மாத வெயிலில், நல்ல நேரம் பார்த்துப் போய்ப் பிடித்த வீடு. ஆனியில் மழை தொடங்கியபின் அலுமாரியை நகர்த்தினால் பின்சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சணம்! அந்த மழைக்காலத்தில் மூன்று தடவை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இன்னொரு மழைக்காலத்தை அந்தச் சுவர்களுக்குள் கழிக்கக் கூடாது என்று சத்தியமே பண்ணிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் காலண்டர் பார்க்காமல் செருப்புக்கூட வாங்க மாட்டார். ஞாயிறு காலை நல்ல நேரம் ஏழரைக்குத் தொடங்குகிறது என்று ஏழரை பஸ்ஸில் ஏறினோம். கண்டிக்கு ஏறக்குறைய 38 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், ஆளுக்கு 150 ரூபாய், பிள்ளைக்கு அரை டிக்கட். முன்னால் புகை கக்கும் லொறி போனால் கண்ணாடியை மூட வேண்டும், ஆகவே ஜன்னலோரம் பிடியுங்கள். கண்டியில் கலகெதர பஸ் மாறினோம். இன்னும் ஒரு மணி நேரம், 90 ரூபாய்.

கலகெதர வீடு, அடடா, பார்த்ததுமே பிடித்துப் போயிற்று. டவுனிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர், நல்ல வெயில், காய்ந்த சுவர். என் வீட்டுக்காரர் ஒரு தும்மல்கூடப் போடவில்லை. அங்கேயே குடியேறியிருப்போம், திரும்பும்போது ஆட்டோக்காரர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால்.

"அந்த ஊட்டயா பாத்தீங்க? பக்கத்துல மர ஆலை ஈக்கி. இன்டைக்கு ஞாயிறு, மூடி. திங்கக்கெழம வந்து பாருங்க, உடுப்புக் காயப் போடவும் ஏலாது, அவ்வளவு மரத்தூள்."

எனக்குத் தலையில் ஒரு குட்டு வைத்த மாதிரி இருந்தது. நாவலப்பிட்டியில் வெயில் நாளில் வீட்டைப் பார்த்தோம், இங்கே ஆலை மூடிய நாளில் பார்த்தோம். நமக்கு நல்ல நேரத்தில் போனால் வீடும் தன் நல்ல முகத்தைத்தானே காட்டும்! ஆட்டோவுக்கு 200 ரூபாய். அந்த மனிதர் சொன்ன சொல்லுக்கு இன்னும் கொடுத்திருக்கலாம்.

கண்டியில் சாப்பிட்டுவிட்டு, இரண்டரைக்குக் குண்டசாலை பஸ். அரை மணி நேரம், 45 ரூபாய். மூன்று மணிக்கே போய்ச் சேர்ந்தும் உள்ளே போகவில்லை. அடுத்த நல்ல நேரம் மூன்றரைக்காம்! சிரிக்காதீர்கள், வெயிலில் ஒரு கடை வாசலில் நின்று பால் போடாத பிளேன்டி குடித்து நேரத்தைத் தள்ளினோம்.

வீட்டுச் சொந்தக்காரி யாழ்ப்பாணத்து டீச்சர். பென்ஷன் எடுத்தவர், மேல்மாடியில் இருக்கிறார். கீழ்வீட்டில் சிமெந்துத் தரை, நேருக்கு நேர் ஜன்னல்கள். அலுமாரிக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தேன், ஈரமில்லை. பூனை இல்லை. குளியலறைச் சுவரை முகர்ந்துகூடப் பார்த்தேன்.

"மணி நாலு பத்து," என்றார் என் வீட்டுக்காரர். "நாலரைக்கு மேல ராகு காலம். இப்பவே அட்வான்ஸக் குடுத்துருவோம்."

"வேணாங்க. ஆறு மணி வரைக்கும் இருந்து பாப்போம்."

"பைத்தியமா உனக்கு? ராகு காலத்துல யாராச்சும் குடிபோற வீட்டப் பாப்பாங்களா?"

"ஏன், ராகு காலத்துல நம்ம புள்ள மூச்சு விட மாட்டாளா?"

கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். டீச்சர்தான் இடையில் புகுந்தார். "ஓம், ஆறுதலா இருந்து பாருங்கோ. நான் தேத்தண்ணி போடுறன்."

நாலே முக்காலுக்குப் பின்னறையில் கவிஷா இருமினாள். ஓடிப்போய்ப் பார்த்தால், அடுத்த வளவில் இலைக்குப்பையைக் கூட்டிக் கொளுத்தியிருக்கிறார்கள், புகை முழுக்க ஜன்னல் வழியாக உள்ளே. பிள்ளையை முன்பக்கம் தூக்கி வந்தோம். என் வீட்டுக்காரர் இழுப்பு மருந்துப் பம்பை எடுத்து அவள் வாயில் வைத்தார். அவர் பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்ததைப் பார்த்து என் கோபம் எல்லாம் போய்விட்டது.

"ஞாயிறு எண்டால் இவையள் கொளுத்துறவைதான், எனக்குப் பழகிப்போச்சு. பிள்ளைக்கு முட்டு வருத்தம் எண்டு தெரியாமப் போச்சே!" என்று டீச்சர் பதறி, வேலியோரம் போய்ச் சிங்களத்தில் கூப்பிட்டார். அடுத்த வளவு அம்மா எட்டிப் பார்த்தார். பம்போடு உட்கார்ந்திருந்த பிள்ளையைக் கண்டதும் "அனே!" என்று இரங்கி வாளித் தண்ணீரை நெருப்பில் கொட்டினார். இனிக் கொளுத்தாமல் குழி வெட்டிக் குப்பையைப் போடுவதாகச் சொன்னார்.

நல்ல மனுஷிதான். ஆனால் பிள்ளையின் நெஞ்சை ஒரு வாய்ச்சொல்லை நம்பி ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை. அட்வான்ஸ் கொடுக்காமலே திரும்பினோம். அடுத்த ஞாயிறு டீச்சரிடம் சொல்லாமல் நான் மட்டும் போய்ப் பார்ப்பதாக இருந்தேன். "நானும் வர்றேன்," என்று அவரும் செருப்பை மாட்டினார். பிள்ளையை என் அக்கா வீட்டில் விட்டோம்.

நாலரைக்குப் போய்ப் பின்பக்கம் நின்றோம். புகை இல்லை. வளவு மூலையில் குழி, மேலே பழைய தகரம். அந்த அம்மா எங்களைக் கண்டு சிரித்துவிட்டுத் தன்பாட்டில் கூட்டிக்கொண்டிருந்தார். ஐந்தே கால் வரை நின்றோம்.

"நாளைக்கு நல்ல நேரம் பாத்து அட்வான்ஸக் குடுக்கலாங்க," என்றேன், அவருக்காகத்தான்.

"வேணாம். காத்து நல்லாருக்கு. இப்பவே குடுத்துருவோம்," என்று மாடிப்படி ஏறினார். என் காதையே என்னால் நம்ப முடியவில்லை.

நீங்கள் தேடப் போனால் இவ்வளவுதான் சொல்வேன். ஒரே வீட்டை இரண்டு தடவை பாருங்கள், ஒன்று வேலை நாளாக, ஒன்று ஞாயிறு மாலையாக இருக்கட்டும். முடிந்தால் மழையில் போங்கள். பிள்ளையின் பம்பைக் கைக்கெட்டும் பையில் வையுங்கள், ஆட்டோக்காரரிடம் வாய் கொடுங்கள். குடிபுகும் நாளில் நாங்கள் பால் காய்ச்சினோம், சாம்பிராணி மட்டும் போடவில்லை.

வந்து பதினொரு மாதம் ஆகிறது. இந்த மழைக்காலம் ஆஸ்பத்திரிப் பக்கம் போகாமலே கழிந்தது. காலண்டர் இன்னமும் சுவரில் தொங்குகிறது, அவரும் அதைப் பார்க்கத்தான் செய்கிறார். ஞாயிறு நாலரைக்கு ராகு காலம் பிறந்ததும் எழுந்து போய்ப் பிள்ளையின் அறை ஜன்னலை அகலத் திறந்து வைக்கிறார்.