தண்ணீர் இருக்கிற ஊர்களாகப் பார்த்து

என் கைப்பேசியில் நீலப் புள்ளி ஒன்று இருக்கிறது. அது என் மகள். ராஜஸ்தான் மணல், இமாச்சல மலை, அங்கிருந்து அஸ்ஸாம், கடைசியில் பூரிக் கடற்கரை என்று ஒரு மாத விடுப்பில் தனியாகக் கிளம்பியவள். போன வாரம் மலையில் மண் சரிந்து பாதை அடைபட, அந்தப் புள்ளி இரண்டு நாள் அசையாமல் சாம்பல் நிறத்தில் நின்றது. மூன்றாம் நாள் காலையில் அவளே பேசிவிட்டாள். ஒரு கீறல் இல்லை.

நேற்று என் கணவரின் அண்ணன் விருதுநகரிலிருந்து கூப்பிட்டார். "பொம்பளப்பிள்ளைய இப்பிடியா அவுத்து விடுவீக? மொத பிளைட்டுல ஏறி வரச் சொல்லும்மா." மகளும் இறங்கிய குரலில் கேட்டாள்: "அம்மா, வந்துரட்டா?" நாளைக்குச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

வைத்துவிட்டு அந்தப் புள்ளி நின்ற வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடித் திரைக்கு வாசனை கிடையாது. ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்து இந்திய வரைபடத்துக்கு உண்டு. துணியில் ஒட்டிச் சுருட்டி வைத்தது. விரித்தால் வார்னிஷும் எலிப்புழுக்கையும் கலந்து அடிக்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எம்.ரெட்டியபட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் புவியியல் நடத்திக்கொண்டிருந்தேன். பிரம்மபுத்திராவின் வளைவைப் பிரம்பு நுனியால் அழகாகத் தொட்டுக் காட்டுவேன். நானோ மதுரைக்கு வடக்கே போனதில்லை. கணக்கு டீச்சர் அருள்மேரி ஒரு நாள் கேட்டேவிட்டாள். "ஏ புள்ள, நீ காட்டுற எடத்துல ஒண்ணையாச்சும் பாத்துருக்கியா?"

அப்போது ரயிலில் சுற்றுப் பயணச் சீட்டு என்று ஒன்று உண்டு. போகும் ஊர்களை வரிசையாக எழுதிக் கொடுத்தால், கிளம்பிய ஊரிலேயே வந்து முடிகிற மாதிரி ஒரே சீட்டாகத் தருவார்கள். மே மாத விடுமுறையில் இருவரும் கிளம்புவது என்று முடிவு செய்து, பல வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தையல் வகுப்பு நூலை வரைபடத்தின் மேல் ஓட்டி ஓட்டிப் பார்த்தோம். பெரிய நாடு, விதவிதமாகப் பார்க்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஒரே சட்டம். தக்காணப் பீடபூமியில் அருள்மேரியின் மாங்காய் ஊறுகாய் எண்ணெய் சிந்திவிட்டது. பிள்ளைகளிடம் அதைக் கரிசல் மண் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அருப்புக்கோட்டை ஸ்டேஷன் மாஸ்டர் எங்கள் பட்டியலைப் படித்தார்.

"ஜபல்பூர்ல என்ன?"

"நர்மதை அருவி சார்."

"அலகாபாத்து?"

"ரெண்டு ஆறு சேருது சார்."

"ஹரித்துவாரு, கங்கை. கௌகாத்தி, பிரம்மபுத்திரா. பூரி, கடலு." கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, நீங்க ஊரு பாக்கப் போறீகளா, தண்ணி பிடிக்கப் போறீகளா? ஒரு கோட்டை இல்ல, அரமனை இல்ல. ஒரு பாலைவனத்தையாச்சும் சேக்கக் கூடாதா?"

"அதுக்குத் திருச்சுழி பஸ்ஸு போதும் சார்" என்றாள் அருள்மேரி.

சத்தியமாக அதுவரை எங்களுக்கு உறைக்கவில்லை. தண்ணீர் லாரி வரும் நாளில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிறவர்களுக்கு, விதவிதம் என்றால் விதவிதமான தண்ணீர்தான் போலிருக்கிறது. இருந்தாலும் ஓர் ஊரைக்கூட மாற்றவில்லை.

அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். "கடைக்கு வாரவுக கேட்டா என்னன்னு சொல்ல?"

"தண்ணி பாக்கப் போயிருக்கான்னு சொல்லுங்க."

"பாஷை தெரியாத ஊருல ரெண்டு பொட்டப்பிள்ளைக. போகாதன்னா போகாத."

"டிக்கெட்டு வந்துருச்சுப்பா. போறேன்."

கிளம்பிய அன்று அவர் தராசிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. எந்தத் தேதியில் எந்த ஊர் என்று கார்பன் வைத்து எழுதிய நகலைக் கல்லாப்பெட்டி மேல் வைத்துவிட்டு மீட்டர்கேஜ் வண்டியில் ஏறினேன். ஆறுகளைப் பார்க்கப் போன நாங்கள் ஆளுக்கொரு பிளாஸ்டிக் குடத்தில் ஊர்த் தண்ணீர் கொண்டுபோனதை இன்றைக்கும் வெளியில் சொல்வதில்லை. வழியெல்லாம் சிக்கனமாகக் குடித்து, நர்மதைக் கரை வரை மிச்சம் வைத்திருந்தோம். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்புக்குப் பாஷை தேவைப்படவில்லை. "நம்ம ஊரு தண்ணியும் கொஞ்ச தூரம் ஓடட்டும்" என்று அருள்மேரி குடத்தைக் கவிழ்த்தாள்.

ஊருக்கு ஊர் இன்லண்டு கடிதம் போட்டேன். ஜபல்பூர்க் கடிதம் மட்டும் நேரத்துக்கு வந்திருந்தது. அதற்குப் பிறகு பதினைந்து நாளுக்கு மேல் என்னைப் பற்றி வீட்டில் ஒரு சொல் கிடையாது. நான் திரும்பி மூன்றாம் நாள் கௌகாத்திக் கடிதம் வந்தது. அப்பா என்னை எதிரில் வைத்துக்கொண்டே அதை முழுதும் படித்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "நல்லாத்தான் இருக்காளாம்."

கார்பன் நகலைக் கடையில் பார்த்தேன். எண்ணெய்க் கையால் பிரித்துப் பிரித்து மடித்து நாலு துண்டாகியிருந்தது.

இன்று காலை மகளைக் கூப்பிட்டேன். "வராத. அஸ்ஸாம் போ."

"உனக்குப் பயமா இல்லையாம்மா?"

"இருக்கு. அது என் பாடு. நீ ஆத்தப் பாரு."

அடுத்து விருதுநகருக்கு. "அவ வரல அத்தான். மிச்சத்தையும் பாத்துட்டுத்தான் வருவா." அவர் போனை வைத்துவிட்டார். வைக்கட்டும்.

அந்த மீட்டர்கேஜ் வண்டி இல்லை. அந்தச் சீட்டை இப்போது யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. அருள்மேரியும் இல்லை, அப்பாவும் இல்லை. போகாதே என்ற அந்த மனிதர், நான் போன பிறகு, ஒன்றுமே தெரியாமல் பதினைந்து நாள் தராசில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். திரும்பி வா என்று ஒரு தந்திகூட அடிக்கவில்லை. இதை எழுதும்போதே நான் அந்த நீலப் புள்ளியை நாலு தடவை பார்த்துவிட்டேன்.