டச்சுக் கோட்டையில் என்னைப் பார்த்தார்கள்

பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் காபித் தட்டோடு பலமுறை நின்றிருக்கிறேன். கேட்ட கேள்விக்கு ஒருமுறைகூட வாய் திறந்து பதில் சொன்னதில்லை. முப்பத்தைந்து வயதில் அண்ணியிடம் அழுதுவிட்டேன். இனிமேல் யார் முன்னாலும் என்னை நிறுத்த வேண்டாம் என்றேன். அண்ணி என் தலையில் கை வைத்து, "நிறுத்த மாட்டேன்" என்றார். அதை நம்பித்தான் ஏழு வருடம் அந்த வீட்டில் நிம்மதியாக இருந்தேன்.

மதுராந்தகத்தில் அண்ணன் வீட்டோடு இருக்கிறேன். அங்கன்வாடியில் உதவியாளர் வேலை. குழந்தைகளிடம் எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவேன். அவர்களைக் கூட்டிப்போக வரும் பெரியவர்களிடம் தலையாட்டுவதோடு சரி.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை அண்ணி சொன்னார்: "பாப்பா, நாளிக்கு சட்ராஸ் போலாம். கோட்டைய பாத்துட்டு, கடலாண்ட கொஞ்ச நேரம் குந்திட்டு வரலாம். எத்தினி நாளுதான் இந்த வூட்டயே சுத்திகினு கெடப்ப?"

செங்கல்பட்டில் பஸ் மாறி, சட்ராஸ் என்கிற சதுரங்கப்பட்டினம் போய்ச் சேர்ந்தோம். கோட்டைக்குள் கூட்டமே இல்லை. செங்கல் சுவர்கள் பாதி இடிந்து நின்றன. டச்சுக்காரர்களின் கல்லறைக் கற்களில் செதுக்கியிருந்த பூக்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு மெதுவாக நடந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அலைச் சத்தம் கேட்டது. "கெளம்பு, நேரமாச்சு" என்று யாரும் சொல்லாத ஒரு நாள் எனக்குப் புதிது.

மர நிழலில் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தபோது ஓர் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கூடவே அவர் தம்பி, ஐம்பதை நெருங்கிய ஆள். திருக்கழுக்குன்றத்திலிருந்து சும்மா காற்றாட வந்தார்களாம். அந்த அம்மா நம் வீட்டு ஆள் மாதிரி ஒரு கை சாதம் வாங்கிச் சாப்பிட்டார். "நீ இன்னாம்மா வேல பண்ற?" என்றார்.

இனி பார்க்கப்போவதே இல்லாத மனிதர்கள்தானே என்று நினைத்தேனோ, கடல் காற்றோ, பேச்சு வந்துவிட்டது. அங்கன்வாடியில் கொடுத்த முட்டையை நாய்க்குட்டிக்காக டிரவுசர் பையில் ஒளித்துவைத்து, அதோடு சறுக்குமரத்தில் இறங்கிய ஒரு பையனின் கதையைச் சொன்னேன். எழுந்து நின்று, அவன் எப்படி நடந்தான் என்று நடந்தும் காட்டினேன். அந்த ஆள் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சத்தமாகச் சிரித்தேன்.

இரண்டு வாரம் அந்த நாளின் நினைப்பிலேயே இருந்தேன். ஒரு காலையில் அண்ணனுக்குத் தோசை வைத்துக்கொண்டே, "இன்னொருவாட்டி சட்ராஸ் போலாமாண்ணா?" என்று கேட்டேன்.

அண்ணன் தட்டிலிருந்து நிமிர்ந்தார். "இன்னாத்துக்கு? வுடு பாப்பா. அந்தாளுக்குக் குடுத்து வெக்கல."

"எந்தாளு?"

சமையலறையிலிருந்து அண்ணி தோசைக்கரண்டியோடு ஓடி வந்தார். "யோவ், வாய வச்சிகினு சும்மா இருக்க மாட்டியா?"

"ஏன், நீ இன்னும் சொல்லலியா?" என்றார் அண்ணன்.

எனக்குப் புரிய அதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை. அண்ணி என் பக்கத்தில் வந்து நின்றார். "முன்னாடியே தெரிஞ்சா நீ வாயே தொறக்க மாட்ட பாப்பா. புடிக்கலன்னாலும் உனக்குத் தெரியாமலே போயிடும், மனசு நோவாதுன்னுதான்..."

"பாத்துட்டு இன்னா சொன்னாங்க?"

"வாய் கொஞ்சம் அதிகம்னாங்க."

"யாரு, இவளா?" என்று அண்ணன் சிரித்தேவிட்டார். என் முகத்தைப் பார்த்ததும் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வாய் பேசாததால் வேண்டாம் என்றவர்கள் எத்தனையோ பேர். அது பழகிவிட்டது. ஆனால் அன்று நான் நடந்து காட்டியதை அண்ணியும் பக்கத்திலிருந்து பார்த்துச் சிரித்தார். எதற்கு அங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிந்துகொண்டே சிரித்தார்.

"என் தலைல கைய வெச்சி சொன்னீங்களே அண்ணி."

"சொன்னேன்தான். எங்களுக்கு அப்பறம் உனக்கு யாரு கீறாங்க, சொல்லு?"

நியாயமான கேள்விதான். அதை என்னிடமே கேட்டிருக்கலாம். நான் சமையலறைக்குப் போய்த் தோசைக்கல்லை இறக்கி வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.

சித்திரையில் அண்ணி மாமல்லபுரத்துக்குக் கூப்பிட்டார். மனசு கேட்காமல்தான் கூப்பிட்டார், அது எனக்குத் தெரியும். மறுக்க வரவில்லை, போனேன். புல்தரையில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் குழந்தையோடு இருந்த ஒரு பெண் என் பக்கம் திரும்பி, "அக்கா, மணி இன்னா?" என்று கேட்டார்.

போன் என் கையில்தான் இருந்தது. அதைப் பார்ப்பதற்குமுன் என் கண் அண்ணியின் முகத்துக்குப் போய்விட்டது.

"ஐயோ, சத்தியமா இவங்க யாருன்னே எனக்குத் தெரியாது பாப்பா!" என்றார் அண்ணி.

அந்தப் பெண் ஒன்றும் விளங்காமல் எங்கள் இருவரையும் பார்த்தார். நான் மணி சொன்னேன். அதற்குமேல் அவரிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.