நான் விட்டுவிட்ட நான்காவது ரீல்

அறுபதுகளின் கடைசியில் ஒரு ஜனவரி மாதம், அந்தமானில் மாயாபந்தரில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. போர்ட் பிளேரில், ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டும் ஓர் அரசுப் பிரிவில் குமாஸ்தா வேலை. பெயர்தான் குமாஸ்தா, உண்மையில் திரைக்குப் பக்கத்தில் நின்று கத்துவதுதான் என் உத்தியோகம். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரும் படங்களில் ஆங்கிலத்தில் பேசுவார்கள். உட்கார்ந்து பார்ப்பவர்களோ வங்காளிகள், தெலுங்கர்கள், ராஞ்சிக்காரர்கள், மலையாளிகள், நம் ஆட்கள். எல்லோருக்கும் பொதுவாகப் புரிவது தீவு இந்தி ஒன்றுதான். அதனால் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, படம் ஓட ஓட இந்தியில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். எனக்கு வாய் நீளம் என்பது ஆபீஸுக்கே தெரியும், அந்த வேலை என் தலையில் விழுந்தது.

மாயாபந்தரில் வருடத்துக்கு ஒருமுறை மலைப் பட விழா நடக்கும். சிரிக்காதீர்கள், நானும் முதலில் சிரித்தவன்தான். சுற்றிலும் கடல், பனி என்றால் என்னவென்றே ஊரில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. அங்கேதான் பனிமலை ஏறுகிறவர்களின் படங்களுக்கு விழா! மலையேறும் பைத்தியம் பிடித்த ஒரு வன அதிகாரி ஆரம்பித்து வைத்தது. முதல் வருடம் இரண்டு படாக் மரங்களுக்கு நடுவே வேட்டியைக் கட்டி ஒரே ஒரு படம். காட்டில் மரம் இழுக்கும் யானைக் கேம்ப் ஆட்கள் வரை படகில் வந்து பார்த்துவிட்டு, அடுத்த வருடமும் உண்டா என்று கேட்டார்களாம். அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். ஆனாலும் மரம் அறுக்கும் மில்லின் தொழிலாளர்களும் குடியேறிகளும் சேர்ந்து விழாவை விடாமல் நடத்தினார்கள். நான் போனது மூன்றாவது வருடம். அதற்குள் அது மூன்று நாள் விழாவாகி, மில்லின் மரக்கட்டை ஷெட்டுக்குள் வந்துவிட்டிருந்தது. ஒரு ஊருக்கு இப்படியும் ஒரு ஆசை இருக்குமா என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

எங்களுக்குச் சாப்பாடு மில் மெஸ்ஸில். முதல் நாளே அங்கிருந்த மேஸ்திரி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், என் காதோடு சொன்னார்: "தம்பி, அந்தச் சமையக்காரன் கையால எதுவும் சாப்புடாதிய. கால் வெரலப் பாத்தியளா? பெருவியாதி."

சமையல்காரர் டார்ஜிலிங் பக்கத்து ஆள். ஐம்பது வயது இருக்கும். இடது காலில் விரல்களே இல்லை, வலது காலில் இரண்டுதான். இளவயதில் மலையேற வந்த துரைமார்களுக்குச் சுமை தூக்கிப் போனதாகவும், பனிதான் விரல்களைத் தின்றுவிட்டதாகவும் அவர் சொல்வார். குளிர் போய் விரலைத் தின்னுமா என்று ஊரே சிரிக்கும். ஆஸ்பத்திரி டாக்டர், இது தொழுநோய் இல்லை என்று எழுதியே கொடுத்திருந்தார். காகிதம் யாருக்குத்தான் கிடைக்காது என்று அதையும் தள்ளிவிட்டார்கள். அவரை மெஸ்ஸிலிருந்து எடுக்கச் சொல்லி மில் மானேஜருக்கு மனு போயிருந்தது. திங்கட்கிழமை முடிவு சொல்வதாக மானேஜர் சொல்லியிருந்தார். அந்தக் கால்களோடு மரம் இழுக்க முடியாது, வேறு வேலை கிடையாது. மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் அந்த மெஸ்ஸை நம்பித்தான் இருந்தார்கள்.

சொல்லவே கூசுகிறது, நானும் அன்று அவர் ரொட்டியைத் தொடவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் பையிலிருந்த பிஸ்கட்டைத் தின்றேன். எங்கள் ஆபரேட்டர், ராமநாதபுரத்து பாய், அவர் பாட்டுக்கு ஆறு ரொட்டி சாப்பிட்டு, இன்னும் கொஞ்சம் பருப்பும் கேட்டு வாங்கினார்.

சனிக்கிழமை கடைசி நாள். அன்று மத்தியானம் சமையல்காரர் என்னிடம் வந்தார். இன்றைக்குக் காட்டும் படத்தில், பனியில் கால் கருத்துப் போவதைக் காட்டுகிறார்களா என்று கேட்டார். படங்களை எல்லாம் போர்ட் பிளேரிலேயே போட்டுப் பார்த்துத் தயார் செய்துகொண்டு வந்தவன் நான். ஆமாம், நான்காவது ரீலில் வருகிறது, டாக்டர் கூடாரத்தில் கட்டுப் போடுவார், விரல்கள் கரிக்கட்டை மாதிரி இருக்கும் என்றேன். அந்த மனிதர் முகம் மலர்ந்ததே! அப்புறம் வீடு வீடாகப் போய் எல்லோரையும் அழைத்திருக்கிறார். மேஸ்திரியையும் மானேஜரையும்கூட விடவில்லை.

அங்கே ஐந்தரைக்கே இருட்டிவிடும். ஆறு மணிக்குப் படம் ஆரம்பம். ஷெட் நிரம்பி, கட்டைகள் மேலெல்லாம் ஜனங்கள். அன்று எனக்கு நாக்கில் சரஸ்வதி. பனிச்சரிவு வந்தால் நானும் அலறினேன், கயிறு அறுந்தால் மூச்சைப் பிடித்தேன். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். மூன்றாவது ரீல் பெரும்புயலில் முடிந்தது. கூட்டம் அப்படியே சொக்கிப் போயிருந்தது. அடுத்த ரீல் முழுக்கக் கூடாரம், கட்டு, மருந்து. இந்தச் சூடு ஆறிவிடுமே என்று எனக்குப் பட்டது. குனிந்து, "பாய், நாலை விட்டுட்டு அஞ்சைப் போடுங்க" என்றேன். அவர் ஐந்தாவதை எடுத்து மாட்டினார். உச்சியில் கொடி பறந்ததும் ஷெட்டே எழுந்து நின்றது. இரண்டு பேர் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். தலைகால் புரியவில்லை எனக்கு. சமையல்காரரின் நினைவு சுத்தமாக இல்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ரெஸ்ட் ஹவுஸ் வாசலில் அவர் நின்றிருந்தார். எங்கள் படகு பன்னிரண்டு மணிக்கு.

"பைர் வாலா ரீல் கிதர் கயா, பாபு?"

அந்தக் கால் வரும் ரீல் எங்கே போயிற்று என்று கேட்கிறார். குரலில் கோபமே இல்லை. தான்தான் நடுவில் கண் அசந்துவிட்டோமோ என்று அவருக்குச் சந்தேகம். அடுப்படி வேலை, களைப்பு, தூங்கியிருப்பேனா பாபு, நீங்கள் சொல்லுங்கள் என்கிறார். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம், எங்கேய்யா உன் கால் என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள்.

அந்த ரீல் மெயின்லேண்டிலிருந்தே வரவில்லை என்று ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் அவர் நம்பியும் இருப்பார். அதுதான் என்னைக் கொன்றது. "நீங்க தூங்கல. நான்தான் போடல. கைதட்டலுக்கு ஆசைப்பட்டு விட்டுட்டேன்" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். படகு எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார்.

பாயிடம் ஓடினேன். பெட்டியெல்லாம் கட்டி வைத்திருந்தார். "ஒரே ஒரு பல்புதான் மிச்சம் இருக்கு, பட்டப்பகல்ல சூட்டுல அது போச்சுன்னா ஆபீஸுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே கட்டை அவிழ்த்தார். மானேஜரிடம் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, மில் லீவு. ஷெட்டுக்கு நாலாபுறமும் தார்ப்பாய் கட்ட ஆள் கொடுத்தார். முந்தின நாள் சமையல்காரர் நடந்த அதே வீடுகளுக்கு அன்று நான் நடந்தேன். ஒற்றை ரீலுக்கா கூப்பிடுகிறாய் என்று மேஸ்திரி சலித்துக்கொண்டார். ஆனாலும் வந்தார்.

மைக்கைப் பிடித்து, இது நேற்றே காட்டியிருக்க வேண்டியது, தப்பு என்னுடையது என்றேன். அப்புறம் படத்தைப் பற்றி என்னால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. திரையில் டாக்டர் காலுறையைக் கத்தரித்தார். கருத்த விரல்கள் தெரிந்தன. சமையல்காரர் தானாக எழுந்து வந்தார். மைக்கை அவர் கையில் கொடுத்தேன்.

அவர் தன்னைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. ஷூ நனைந்தால் இப்படி ஆகும், மூன்று நாளில் நிறம் மாறும் என்று, சமையல் சொல்லித் தருகிற மாதிரி நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனார். கால் போன ஒரு கூலியை இன்னொரு கூலி முதுகில் சுமந்துகொண்டு சரிவில் இறங்கும் காட்சி வந்தது. தூக்குகிறவனின் பெயரைப் படத்தில் சொல்கிறார்களா என்று என்னிடம் திரும்பிக் கேட்டார். இல்லை, துரைமார்களின் பெயர்களைத்தான் சொல்கிறார்கள் என்றேன்.

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "என்னையும் ஒருத்தன் இப்படித்தான் தூக்கிட்டு வந்தான். ரெண்டு நாள் தூக்கினான். அவன் பேரை நான் சொல்றேன்." சொன்னார். மூன்று முறை சொன்னார். தனக்குச் சாட்சி கிடைக்க வேண்டிய நேரத்தில், அந்த மனிதர் இன்னொருவனுக்குச் சாட்சி சொன்னார். நான் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

வெளிச்சம் வந்ததும் மேஸ்திரி அவரிடம் போனார். குனிந்து அந்தக் கால்களைப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து, தன் உடைந்த இந்தியில், ரொட்டி ஆயிற்றா என்று கேட்டார். மெஸ்ஸில் முதல் ஆளாக உட்கார்ந்ததும் அவர்தான். பக்கத்தில் நான். பசியில்லாமலே நாலு ரொட்டி சாப்பிட்டேன். திங்கட்கிழமை அந்த மனுவைக் கொடுத்தவர்களே திரும்ப வாங்கிக்கொண்டார்கள் என்று பின்னால் தெரிந்தது.

அதற்குப் பிறகு நான் தீவை விட்டு வரும் வரை, அந்த விழாவில் எந்தப் படத்திலும் ஒரு ரீலைக்கூட யாரும் விடவில்லை. பனிமலைப் படம் என்றால் மைக் சமையல்காரர் கையில். என்னைவிட நன்றாகவே சொன்னார். எனக்குக் கிடைத்த மாதிரி கைதட்டல் அவருக்குக் கிடைத்ததில்லை, ஜனங்கள் வாயைத் திறக்காமல் கேட்பார்கள்.

இன்றும் யாராவது தன் கதையை நீட்டிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது 'சரி, விஷயத்துக்கு வா' என்று சொல்ல எனக்கு வாய் துடிக்கும். உடனே, தன் கண்தான் அசந்துவிட்டதோ என்று என்னிடமே வந்து கேட்ட அந்த மனிதரின் முகம் முன்னால் நிற்கும், நான் வாயை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்பேன்.