தண்டவாளங்களுக்கு நடுவே எங்கள் ஊர்

மெல்பேர்னில் நாங்கள் குடியிருக்கும் நாலு தெருக்களுக்கு அரசாங்கம் ஊர்ப்பெயர் வைக்கவில்லை. ஒரு பக்கம் பயணிகள் ரயில் பாதை, மறுபக்கம் சரக்கு ரயில் பாதை, நடுவில் நாங்கள். ரயில்வே தன் தொழிலாளர்களுக்குக் கட்டிக்கொடுத்த பலகை வீடுகள்தான் முதலில் இருந்தன. அவர்களுக்குப் பின் இத்தாலியர்கள் வந்தார்கள். பிறகு குறைந்த வாடகை தேடி, இலங்கையிலிருந்து வந்த எங்கள் ஆட்கள். கடிதங்கள் பக்கத்து ஊரின் பெயரில்தான் வரும்.

தண்டவாளத்தைக் கடக்க ஒரு சின்ன நடைவாசல் இருந்தது. அதைத் தாண்டினால் ஸ்டேஷன். ஒருநாள் பாதுகாப்புக் கருதி அதை மூடப்போவதாக அறிவித்தல் கட்டியிருந்தார்கள்.

"எங்களை ஒரு சொல்லுக் கேட்டவையே?" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. வன்னியிலிருந்து வந்தவர், ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் விடியற்காலை வேலை. முழங்கால் வருத்தம் வேறு.

நூலகத்தில் கூட்டம் வைத்தார்கள். இளம் அதிகாரி ஒருவர் வரைபடம் காட்டினார். சுற்றிவர எல்லா ஊருக்கும் நிறமிருந்தது, எங்கள் தெருக்கள் மட்டும் சாம்பல்.

"அது தனி ஊர் அல்ல. பாதிப்பு மிகக் குறைவு. சாலைப் பாலத்தால் நடந்து போகலாம்" என்றார்.

அக்கா எழுந்து தமிழிலேயே கேட்டார்: "ஊர் இல்லையெண்டா, அங்க இருக்கிற நாங்கள் ஆர்?"

நான் மொழிபெயர்த்தேன். அந்த வீடுகளில் ஒன்றில் பிறந்த இத்தாலியக் கிழவர் கைத்தடியால் தரையில் தட்டினார். எனக்கும் துணிவு வந்தது. "அந்தப் பாலத்தால் எங்களோடு ஒருதரம் நடந்து பாருங்கள்" என்றேன்.

அதிகாரி மனுஷன் வந்தார். மழைநாள். அரிசி மூட்டை ஏற்றிய தன் தள்ளுவண்டியை அக்கா அவர் கையில் கொடுத்தார். "பிடியுங்கோ தம்பி." பாலத்தில் நடைபாதை கிடையாது. லொறிகள் சேற்றை வாரி அடித்தன. பாதிவழியில் அவர் நின்றுவிட்டார். "இன்னும் கிடக்கு, நடவுங்கோ" என்றார் அக்கா.

ஆனாலும் நடைவாசலை மூடினார்கள். பல மாதம் கழித்து தண்டவாளத்துக்கு மேலால் நடை மேம்பாலத் திட்டம் ஒன்று வந்தது, படிகள் மட்டும்.

"கிடைக்கிறதை வாங்குவம்" என்று சிலர் சொன்னார்கள். நாங்கள் கேட்கவில்லை. கிழவரும் அக்காவும் ஏறமுடியாத பாலம் எங்களுக்கு எதற்கு? வாரம்தோறும் ஸ்டேஷன் வாசலில் பதாகையோடு நின்றோம். சிலர் முகம் சுளித்தார்கள். குளிரிலும் நின்றோம். கடைசியில் சாய்தளம் வைத்துக் கட்டினார்கள்.

திறப்புவிழாவுக்குப் பிரமுகர்கள் வருவார்கள், நாங்கள் பின்வரிசையில் நிற்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அன்று விடிய, குறுக்கே கட்டியிருந்த நாடாவை அக்கா ஒரு கையால் உயர்த்தினார்.

"அக்கா, இன்னும் திறக்கேல்லை."

"எனக்கு வேலைக்கு நேரமாகுது" என்றபடி குனிந்து உள்ளே நுழைந்து, பாலத்தின் நடுவால் நடந்து போனார். நானும் பின்னால் போனேன்.