பக்கத்து சீட்டில் ஆள் உண்டு

இது கதையில்லை. நம்பாதவர்கள் என் ஷெட்டுக்கு வந்து சுவரைப் பார்க்கலாம். இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்று நானும் நினைத்தவன்தான். எனக்கு அது பட்டப்பகலில் நடந்தது, மத்தியானம் 2:10-க்கு.

நான் கார் எலக்ட்ரீஷியன். இருபத்திரண்டு வருஷ அனுபவம். ஆனால் எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. சிரிக்காதீர்கள், ஊரே சிரித்து முடித்துவிட்டது. என் மனைவிதான் ஓட்டுவாள். நான் பக்கத்து சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு வருவேன். அவளுடைய அண்ணன் பழைய கார் வாங்கி விற்பவர். எங்கள் காதலுக்காக அப்பாவிடம் சண்டை போட்டுச் சம்மதம் வாங்கித் தந்தவர். அவர் சொன்னால் எனக்கு மறுபேச்சே கிடையாது. அன்று காலை ஒரு வண்டியைக் கொண்டுவந்து ஷெட்டில் விட்டார்.

"என் தங்கச்சிக்குன்னு பார்த்துப் பார்த்து எடுத்தது, மாப்ள. பக்கத்து சீட் பெல்ட் மட்டும் கொஞ்சம் இறுக்கமா இருக்கும், பழகிடும். ஏர்பேக் லைட் எரியுது. அதை மட்டும் அழிச்சு விட்டுருங்க."

சாப்பிட்டு வந்து ஸ்கேனரை மாட்டினேன். மணி 2:10. பக்கத்து சீட் ஏர்பேக் சர்க்யூட்டில் கோளாறு என்று திரையில் ஒரு எரர் கோட் வந்தது. அழித்தேன். உடனே திரும்ப வந்தது. சரி, அந்தப் பக்கத்து சென்சார்கள் எல்லாம் என்ன சொல்கின்றன என்று திரையில் பார்த்தேன்.

பக்கத்து சீட்: ஆள் உண்டு.

சீட் காலியாகத்தான் இருந்தது. சென்சார் குழம்பியிருக்கும் என்று நினைத்தேன். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு மூன்று நிமிடம் காத்திருந்தேன். ஏர்பேக் வேலையில் அது கட்டாயம், மிச்சக் கரண்ட் வடிய வேண்டும். பிறகு சீட்டுக்கு அடியில் இருந்த சென்சார் பிளக்கைப் பிடுங்கினேன். பேட்டரியைத் திரும்ப மாட்டினேன். மணி 2:26.

பிளக் என் கையில் இருக்கிறது. திரையில் எதுவும் வரக்கூடாது.

ஆள் உண்டு.

அப்போது...

டக்.

பெல்ட் பக்கிளிலிருந்து வந்த சத்தம். திரையில் 'மாட்டியது' என்று வந்தது. அடுத்த நொடியே 'கழன்றது'.

டக்... மாட்டியது. கழன்றது.

விட்டு விட்டு வரும் கோளாறு என்றால் எத்தனை முறை வருகிறது என்று சாக்பீஸால் சுவரில் கோடு போடுவது என் பழக்கம். பயத்திலும் கை அதைத்தான் செய்தது.

டக்... டக்...

யாரோ அவசரமாக மாட்டப் பார்ப்பது போல...

டக்.

பதினான்காவது கோடு.

நின்றுவிட்டது.

சீட்டைப் பார்த்தேன். மெத்தை நடுவில் அமுங்கியிருந்தது. மெல்ல... மெல்ல மேலே எழும்பியது.

நான் தெருவில் நின்றேன். எப்படி ஓடி வந்தேன் என்று தெரியாது.

ஒரு மணி நேரம் கழித்து, ஷட்டரை முழுதாகத் தூக்கிவிட்டு, டாஷ்போர்டைப் பிரித்தேன். பக்கத்து சீட்டுக்கான ஏர்பேக் இருக்க வேண்டிய இடம் காலி. வயரின் நுனியில் ஒரு சின்ன ரெசிஸ்டரைப் பற்றவைத்து, பச்சை டேப் சுற்றியிருந்தார்கள். ஏர்பேக் இருப்பதாக வண்டியை ஏமாற்றும் வேலை அது. பற்றவைத்தது விட்டுப்போனதால்தான் விளக்கு எரிந்திருக்கிறது. பச்சை டேப்பை யார் சுற்றுவார் என்று எனக்குத் தெரியும். என் கடையிலிருந்து டஜன் கணக்கில் எடுத்துப் போகிறவர் அவர்தான்.

போன் போட்டேன்.

"மச்சான், இந்த வண்டியில ஒரு பக்கம் ஏர்பேக்கே இல்ல."



"டிரைவர் சைடு நல்லாத்தான் இருக்கு மாப்ள. தங்கச்சிக்கு ஒண்ணும் ஆகாது."

"அப்போ எனக்கு?"

போன் வைக்கப்பட்டது.

பேயைப் பார்த்தபோதுகூட என் கண் கலங்கவில்லை. இப்போது ஷெட் வாசலில் உட்கார்ந்து அழுதேன். நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டார். அந்த சீட்டில் தினமும் யார் உட்காருவார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டு வாரம் கழித்து, கதவின் ஓரத்தில் இருந்த பழைய சர்வீஸ் ஸ்டிக்கரை வைத்து முந்தைய சொந்தக்காரரைக் கண்டுபிடித்து, ஷெட்டிலிருந்தே போன் போட்டேன். வண்டி நம்பரைச் சொன்னதுமே அவர் குரல் உடைந்துபோனது.

"என் வீட்டுக்காரி அதுலதாங்க போய்ச் சேர்ந்தா. பெல்ட் இறுக்கமா இருக்கும், பழகிடும்னு வித்தவர் சொன்னாரு. அன்னைக்கு மத்தியானம் சாப்பிட்டுட்டுக் கிளம்பினோம். அவ மாட்டுறா, அது கழண்டுக்குது. திரும்பத் திரும்ப அதே. நான் ஓட்டிக்கிட்டே ஒண்ணு, ரெண்டுன்னு சத்தமா எண்ணிக் கிண்டல் பண்ணிட்டு வந்தேன். முன்னாடி லாரி நின்னதைப் பார்க்கல... ஏர்பேக்கும் வரல."

 சுவரில் இருந்த கோடுகளைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"எத்தனை வரைக்கும் எண்ணினீங்க?"

"பதினாலு."