மூன்று பக்கப் பிரசங்கமும் ஒரு டப்பா மிச்ச மருந்தும்

போன வாரம் நான் எழுதிக் கொடுத்த மூன்று பக்கத்தை, எம். புதுப்பட்டி பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே பேச்சியம்மா படித்து முடித்தார். பட்டாசு ஆலையில் பல வருஷம் கை பழகியவர். கேட்டாரே ஒரு கேள்வி...

"எண்ணே, யாரைப் பயங்காட்ட இம்புட்டு எழுதியிருக்கீக?"

என் முகம் விழுந்துவிட்டது.

விஷயம் இதுதான். அவர் ஆலையில் கலந்த வெடிமருந்தை அன்றே தீர்க்க வேண்டும். மிச்சத்தை ஒப்படைத்துவிட்டுத்தான் வேன் ஏற வேண்டும். ஆனால் சீசன் நேரம், பீஸ் ரேட் கூலி; செய்த எண்ணிக்கைக்குத்தான் காசு. மிச்சத்தை ஒரு டப்பாவில் போட்டுச் சாக்குக்கு அடியில் ஒளித்தால், காலையில் புது மருந்துக்குக் காத்திருக்க வேண்டாம் — உட்கார்ந்ததும் கை ஓடும். எல்லா ரூமிலும் நடப்பதுதான். யாரும் வாய் திறப்பதில்லை.

ஈரம் இறங்கினால் அந்த மருந்து தானே சூடேறும். போன மாசம் விடிகாலையில் ஒரு ரூம் சுவரோடு போனது. நல்லவேளை, ஆளில்லை. இரண்டு மணி நேரம் கழித்து என்றால்? உள்ளே நாலு பெண்கள்.

அதற்காகத்தான் மறுநாள் பாதுகாப்புக் கூட்டம். தொழிலாளிகள் சார்பில் பேச்சியம்மா பேச வேண்டும். பேச்சு எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தார்.

நானோ ஒரு புத்தகப் பித்தில் இருந்தேன். பட்டாசுக் குழாயாகச் சுருள வேண்டியதைப் பழைய பேப்பர் கடையில் காப்பாற்றி வந்திருந்தேன். நானூறு வருஷத்துக்கு முன் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவில் குடியேறிய பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான கிறிஸ்தவர்களைப் பற்றியது. மழை பொய்த்தாலும் நோய் வந்தாலும் ஊரே பட்டினி இருந்து கூடும். போதகர் எழுந்து ஒவ்வொரு பாவமாக எண்ணுவார் — திருந்து, இல்லையேல் அழிவு! அந்த இடியை அப்படியே இறக்கியிருந்தேன். 'நெருப்பின் மடியில் உறங்குகிறவர்களே!' என்று ஆரம்பம்.

"இதை நான் படிச்சா, 'ஏத்தா, நீ மட்டும் யோக்கியமா'ம்பாளுக" என்றார் பேச்சியம்மா. "வெடிச்ச அன்னைக்கே 'தொழிலாளி அசால்ட்டு'ன்னு ஆலையில எழுதிட்டாகல்ல? நானும் அதையே சொல்லவா?"

சுருக்கென்றது. எது நடந்தாலும் 'உன் பாவம்' என்று சொல்வது எவ்வளவு வசதியான பேச்சு!

மறுநாள் என்னையும் அழைத்திருந்தார்கள். ஆலை கேட் பக்கத்துக் கொட்டகை. பேச்சியம்மா எழுந்தார். கையில் என் பேப்பர் இல்லை.

"நேத்து சாயங்காலம் எங்க ரூம்ல சாக்குக்கு அடியில ஒரு டப்பா இருந்துச்சு. வச்சது நான்தான். ராத்திரி பூரா தூக்கமில்ல. காலையில மொத ஆளா வந்து நானே ஒப்படைச்சிட்டேன்."

மிச்ச மருந்தை ஒளித்தால் வேலையை விட்டு நிறுத்துவார்கள். போர்மேன் முன்னாலேயே நிற்கிறார்!

"என்னைய நிப்பாட்டுனா நிப்பாட்டுங்க. ஆனா காலையில ஒம்போது மணி வரைக்கும் மருந்து வராட்டி நாங்க வேற என்ன செய்வோம்? வெள்ளனே மருந்து வரணும். இனி நான் டப்பா வைக்க மாட்டேன். யாரு வச்சாலும் அந்த ரூமுக்குள்ள காலெடுத்தும் வைக்க மாட்டேன்."

"அப்ப எங்க டப்பாவையும் இங்கனயே சொல்லணுமாக்கும்?" — பின்னாலிருந்து ஒரு குரல்.

"சொல்லேன்த்தா. உன் பிள்ளைக்கு நீ வேணும்ல?"

போர்மேன்தான் பேசினார். "சாக்கு மேடா இருக்கிறதைப் பாத்துட்டு நானும் பேசாமத்தான போனேன்... ஆர்டர் முடியணும்னு. பேச்சியம்மாவை நிறுத்துனா என்னையும்ல நிறுத்தணும்? நாளையிலருந்து ஏழு மணிக்கே மருந்து வந்துரும். அது என் பொறுப்பு."

அந்தப் புத்தகத்தில் நான் அவசரமாகப் புரட்டிய ஒரு பக்கம் உண்டு. சபையில் சேர வருகிறவர் எல்லார் முன்னாலும் எழுந்து, தான் தவறியதையும் திரும்பியதையும் தன் வாயாலேயே சொல்ல வேண்டுமாம். நான் இடியை மட்டும் எடுத்துக்கொண்டேன். புத்தகத்தைத் தொட்டே பார்க்காத பேச்சியம்மா, அந்தப் பக்கத்தில் போய் நின்றார்.

அன்று சாயங்காலம் போன் வந்தது.

"வேன் முக்கால் மணி நேரம் லேட்டுண்ணே. ஒவ்வொருத்தியா மிச்சத்தை ஒப்படைச்சிட்டு வர நேரமாயிருச்சு."

ஒரு வேன் லேட்டானதற்கு நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்!