பருந்தக்கா கண் சிமிட்டப் பழகியது

அலுவலகத்தில் அவளைப் பருந்தக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரிகளிலிருந்து பழைய சீட்டுகளை ஸ்கேன் செய்து அனுப்புவார்கள். டாக்டர்கள் அதில் கிறுக்கியிருப்பதைப் படித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள் வேலை. மைக்குள் விழுந்த எறும்பு எழுந்து நடந்ததுபோல் இருக்கும் கையெழுத்தைக்கூட ஒரே பார்வையில் படித்துவிடுவாள். மற்ற ஏழு பேரும் திணறினால் நாற்காலியை உருட்டிக்கொண்டு அவளிடம்தான் வருவார்கள். பதினோரு வருஷமாக அந்தப் பட்டப்பெயரில் அவளுக்கு ஒரு சின்னப் பெருமை.

நாற்பத்து நாலு வயதில் அந்தக் கண் படுத்தத் தொடங்கியது. மத்தியானம் மூன்று மணியானால் மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தும். கசக்கினால் இன்னும் எரியும். வீடு திரும்பி, காய் நறுக்க உட்கார்ந்தால் கன்னத்தில் பொலபொலவென்று தண்ணீர் வழியும்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். அவன் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டான். போன வாரச் சண்டையில் தான் விட்ட வார்த்தை ஏதோ இன்னும் அவளை அறுக்கிறது என்று நினைத்தான். வாயைத் திறக்காமல் பாத்திரம் தேய்த்தான், துணி மடித்தான், வீட்டுக்குள் சிகரெட் பிடிப்பதையும் விட்டான். இது அழுகையில்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லத் தெம்பில்லை. தான் பாத்திரம் தேய்க்காத சாயங்காலம் கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

நாலாம் நாள் அவனே கேட்டுவிட்டான்.

"நான் அப்படி என்ன சொல்லிட்டேன்னு இன்னும் அழறே?"

"நீங்க சொன்னது எனக்கு ஞாபகமே இல்லங்க. கண்ணுதான் எரியுது."

மறுநாளே கண் டாக்டரிடம் கூட்டிப்போனான். அந்த அம்மா விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, கண் காய்ந்து கிடக்கிறது, உறுத்தல் தாங்காமல்தான் தண்ணீர் கொட்டுகிறது என்றார். திரையை வெறித்துப் பார்க்கும்போது அவள் சிமிட்ட மறந்துபோகிறாளாம். சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். வெதுவெதுப்பான துணியைத் தினமும் மூடிய இமைமேல் வைக்கவும், திரையைக் கண்மட்டத்துக்குக் கீழே இறக்கவும், ஏசி காற்று முகத்தில் அடிக்காமல் உட்காரவும், இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை தூரத்தில் எதையாவது பார்க்கவும் சொன்னார். சிகரெட் புகையும் கூடாது என்றபோது கணவன் உத்தரத்தைப் பார்த்தான்.

தூரத்தில் பார்க்க அலுவலகத்தில் ஏது இடம்? இருந்த ஒரே ஜன்னலை இரும்பு அலமாரி அடைத்துக்கொண்டு நின்றது. அதை நகர்த்தச் சொல்லிப் பிரிவுத் தலைவியிடம் போனாள். எல்லோருக்கும் இருக்கிற வேலைதானே, ஒருவருக்காக அறையையே புரட்டிப் போட முடியுமா என்று அவர் கேட்டார். பருந்தக்காவுக்குத் திரும்பிப் போய்விடலாம் போலிருந்தது. போகவில்லை.

"போன மாசம் ஒருத்தரோட ரத்த குரூப்ப மாத்தி ஏத்திட்டேன் மேடம். 'பி'ன்னு இருந்தது எனக்கு 'ஏபி'ன்னு தெரிஞ்சுது. சாயங்காலம் தற்செயலா பாத்துத் திருத்தினேன். பாக்காம விட்டிருந்தா?"

இதை அவள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கணவனிடம்கூட. தலைவி பேனாவை மூடி வைத்தார்.

இரண்டு நாளில் அலமாரி நகர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே வண்டி நிறுத்துமிடமும் ஒரு தண்ணீர்த் தொட்டியும்தான், பார்க்க அழகாக ஒன்றுமில்லை. இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை கைபேசியில் வைத்த மணி அடிக்கும்போதெல்லாம் எழுந்து நின்று, அந்தத் தொட்டியைப் பார்த்து வேண்டுமென்றே கண்ணைச் சிமிட்டினாள். தினம் தொண்ணூறு சீட்டு ஏற்றியவளுக்கு இப்போது எழுபதுதான் முடிந்தது. கண் பழையபடி ஆகவில்லை. எரிச்சல் மூன்று மணிக்குப் பதில் ஐந்துக்கு வந்தது. அதற்கே உடம்பு லேசானதுபோல் இருந்தது.

ஒரு மாதத்துக்குள் மற்றவர்களும் ஒவ்வொருவராக அவள் பக்கத்தில் வந்து நிற்கத் தொடங்கினார்கள். ஏழு பேருக்கும் எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. ஒருத்தர்கூட வாயைத் திறந்ததில்லை.